துரைப்பாக்கத்தில் ஃபர்னிஷ்டு வீடு: மூன்று பேருக்கு ஒத்துவருமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வேலைக்குப் போகிற இரண்டு பேர், தரமணியில் எம்.எஸ்சி. படிக்கிற ஒருவர். சென்னை துரைப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வளாகத்தில் இரண்டு படுக்கையறை வீடு, எல்லாச் சாமானும் உள்ளே. வாடகை 36,000, மெயின்டனன்ஸ் 3,500, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். அதே வளாகத்தில் வெறும் வீடு 25,000-க்குக் கிடைக்கிறது. "எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சாமானுக்காகத் தரும் மாதம் 11,000 நியாயமா? அந்தச் சாமான் கெட்டால் யார் தலையில் விழும்? மூன்று பேரும் ஒரே காலத்துக்கு அங்கே இருக்கப் போகிறீர்களா? கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் முடிவு செய்யப்போவது அதுதான்.

முதலில் கணக்கு. மாதம் 11,000 என்றால் 11 மாதத்துக்கு 1,21,000. வெறும் வீட்டை எடுத்து நீங்களே சாமான் போட்டால் என்ன ஆகும்? மூன்று கட்டிலும் மெத்தையும் சாதாரணத் தரத்தில் முப்பதாயிரம். பழைய ஃபிரிட்ஜ் ஒன்பதாயிரம், பழைய வாஷிங் மெஷின் எட்டாயிரம். செகண்ட் ஹேண்ட் ஏசி இரண்டு, மாட்டும் கூலியோடு நாற்பதாயிரம். கீஸர் இரண்டு பதினாலாயிரம், மேசை நாற்காலி மூன்று செட் பன்னிரண்டாயிரம், அடுப்பு, திரைச்சீலை, சில்லறை எல்லாம் ஏழெட்டாயிரம். மொத்தம் 1,20,000 பக்கம் வரும். காலி செய்யும்போது விற்றால் நாற்பது சதவீதம் கையில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகரச் செலவு 72,000. அதாவது ஆறரை, ஏழு மாதத்துக்குள் கிளம்புகிறவருக்கு ஃபர்னிஷ்டு வீடு லாபம். அதைத் தாண்டினால் நஷ்டம். இரண்டு ஆண்டு இருந்தால் 2,64,000 கொடுத்துவிட்டு ஒரு கட்டில்கூடச் சொந்தமில்லாமல் வெளியே வருவீர்கள். விலைகள் இடத்துக்கு இடம், பேரத்துக்குப் பேரம் மாறும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், கணக்குப் போடும் முறை மாறாது. ஏழாவது மாதத்தில் வித்தியாசம் ஐயாயிரம்தான், பதினொன்றாவது மாதத்தில் அது 49,000 ஆகிவிடும். ஏழெட்டு மாதம் என்றால், சாமான் ஏற்றி இறக்கும் அலைச்சலைத் தவிர்க்க அதைக் கொடுப்பதில் தப்பில்லை.

சென்னையில் 'வெறும் வீடு' என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் நிஜமாகவே வெறும் வீடாக இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். அலமாரி, மாடுலர் கிச்சன், மின்விசிறி, விளக்கு, சில வீடுகளில் கீஸரும் இருக்கும். செமி ஃபர்னிஷ்டு என்று தனியாகப் போட்டால் அவை நிச்சயம் இருக்க வேண்டும். 25,000 வீட்டில் கீஸரும் அலமாரியும் இருந்தால் மேலே போட்ட கணக்கில் பதினாலாயிரம் அப்படியே கழியும். மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் பல நேரம் இந்த நடுவாந்திர வீடுதான் சரியாக அமைகிறது. கழற்றிக்கொண்டு போக முடியாத சாமான் ஓனருடையது, தூக்கிக்கொண்டு போகக்கூடியது உங்களுடையது. காலி செய்யும் அன்று சண்டைக்கு இடமே இருக்காது.

இப்போது ஆட்கள். எம்.எஸ்சி. படிப்பவருக்கு இரண்டு ஆண்டு கணக்கு தெரியும். விடுமுறையில் ஊருக்குப் போனாலும் வாடகை ஓடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அப்படியில்லை, புராஜெக்ட் மாறினால் பெங்களூரோ புனேயோ போகச் சொல்லலாம். வாடகை, மெயின்டனன்ஸ், கோடையில் மின்கட்டணம் மாதத்துக்கு மூவாயிரம், இணையம் ஆயிரம், கேன் தண்ணீரும் கேஸும் ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்தால் மொத்தம் 45,000, ஆளுக்கு 15,000. ஒருவர் போய்விட்டால் மறுநாளே ஆளுக்கு 22,500. ஒப்பந்தத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால், முழு வாடகையையும் யாராவது ஒருவரிடமே கேட்க ஓனருக்கு உரிமை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் சுமை முழுவதும் அவருக்கு, மற்ற இருவருக்கும் உரிமை எதுவும் இல்லை. நடைமுறையில் சரியாக வருவது இதுதான்: மூவரும் கையெழுத்துப் போடுங்கள். 'ஒருவர் விலகினால், ஓனர் ஒப்புதலோடு வேறொருவர் அவர் இடத்துக்கு வரலாம், அட்வான்ஸ் அப்படியே தொடரும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் மூவருக்குள் தனியாக ஒரு தாளில், விலகுகிறவர் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அவருடைய அட்வான்ஸ் பங்கை யார் எப்போது தருவது என்று எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். நண்பர்களாகவே இருப்பதற்குத்தான். தனி அறையில் இருப்பவர் கூடுதலாகத் தர வேண்டும் என்பதையும் குடி போகும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். லாக்-இன் காலம் என்று ஆறு மாதமோ பதினொரு மாதமோ போட்டிருந்தால் அதற்கு முன் காலி செய்தால் என்ன பிடிப்பார்கள் என்று பாருங்கள். ஃபர்னிஷ்டு வீட்டின் ஒரே பெரிய லாபம் நினைத்தபோது கிளம்பலாம் என்பது. பதினொரு மாத லாக்-இன்னோடு அதை எடுப்பதில் அர்த்தமே இல்லை.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இதற்கென அரசின் இணையதளம் இருக்கிறது. 'பதினொரு மாதம்தானே, பதிவு எதற்கு' என்று புரோக்கர் சொல்வது பழைய பத்திரப் பதிவுச் சட்டத்தை வைத்து. இந்தச் சட்டத்துக்கு அது பொருந்தாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது சட்டம் சொல்லும் அளவு. உங்கள் வாடகைக்கு அது 1,08,000. ஒன்றரை லட்சம் என்று எழுதி நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அந்த அளவைக் காட்டி வாதாடுவது கடினம், ஆகவே பேரம் இப்போதே நடக்கட்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. சண்டை வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ ஓனர் துண்டிக்க முடியாது.

ஃபர்னிஷ்டு வீடு எடுப்பவர்கள் யாரும் படிக்காத பகுதி அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை. பழுது பார்ப்பதில் எது யார் பொறுப்பு என்ற பட்டியல் அது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய்களை மாற்றுவது, பெரிய வயரிங் வேலை எல்லாம் ஓனர் பக்கம். குழாய் வாஷர், கழிப்பறை, வாஷ்பேசின், கீஸர், சுவிட்ச், சாக்கெட், மின் சாதனங்கள், பூட்டு, கண்ணாடி எல்லாம் வாடகைதாரர் பக்கம். சாமான் இல்லாத வீட்டுக்கு இது நியாயமான பங்கீடு. ஃபர்னிஷ்டு வீட்டில் அதன் விளைவைப் பாருங்கள். எட்டு வருடப் பழைய கீஸரும் ஆறு வருட ஏசியும் வைத்துக் கூடுதல் வாடகை வாங்குவார் ஓனர், அவை கெட்டால் செலவு உங்களுடையது. ஆகவே ஒப்பந்தத்தில் தனியாக எழுதச் சொல்ல வேண்டும்: 'ஓனர் கொடுத்த ஏசி, கீஸர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் தானாகப் பழுதானால் செலவு ஓனருடையது. வாடகைதாரரின் தவறான பயன்பாட்டால் பழுதானால் வாடகைதாரருடையது. தகவல் கொடுத்த ஏழு நாளுக்குள் சரி செய்யாவிட்டால் வாடகைதாரர் சரி செய்து ரசீதை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.' ஏசி சர்வீஸ் ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் செலவு என்று விட்டுக்கொடுங்கள், அது நியாயம். இந்த மூன்று வரிக்கு ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் அந்தச் சாமானின் நிலை பற்றி அவருக்கே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மாதம் 11,000 கூடுதலாகத் தருவதற்கும் காரணம் இல்லை.

காலி செய்யும்போது 'பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை' என்று பிடிக்கும் பழக்கம் இந்த ஊரில் வேரூன்றிவிட்டது. அட்டவணைப்படி வெள்ளையடிப்பு ஓனர் வேலை. ஆனால் ஒப்பந்தத்தில் பெயின்டிங் பிடித்தம் என்று எழுதியிருந்தால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், ஃபர்னிஷ்டு வாடகையான 36,000 பிடித்தமாக இருக்கக் கூடாது, ரசீதின்படி உண்மைச் செலவு, அதற்கும் ஒரு உச்சவரம்பு என்று மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது பகலில், குறைந்தது ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் இரண்டு ஏசியையும் 18-இல் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். இருபது நிமிடம் கழித்து ஒரு சாதாரண வெப்பமானியால் ஏசி காற்றை உள்ளே இழுக்கும் இடத்திலும் வெளியே விடும் இடத்திலும் அளந்தால் வித்தியாசம் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஃபில்டரும் குழாய்ச்சுருளும் (காயில்) அழுக்காக இருக்கலாம், அல்லது கேஸ் குறைந்திருக்கலாம். ஒருமுறை சர்வீஸ் செய்த பிறகும் குறைவாக இருந்தால் கேஸ் கசிவாக இருக்கலாம். துரைப்பாக்கம் கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் வெளியே இருக்கும் யூனிட்டின் காயில் அரித்து ஓட்டை விழுவது அங்கே சகஜம். கேஸை நிரப்பிவிட்டுப் போவார் மெக்கானிக், மூன்று மாதத்தில் மறுபடி இறங்கும். வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தாளில் கேஸ் வகை ஆர்22 என்று இருந்தால் பழைய மெஷின். ஆர்32 அல்லது ஆர்410ஏ என்றால் பரவாயில்லை.

கீஸரை மதிப்பிட எளிய வழி நேரம் பார்ப்பது. பதினைந்து லிட்டர், 2,000 வாட் கீஸர் சென்னைத் தண்ணீரைக் குளிக்கத் தகுந்த சூடாக்க கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். அரை மணி நேரம் ஆகியும் விளக்கு அணையவில்லை என்றால் உள்ளே எலிமென்ட்டில் உப்புப் படிந்து கெட்டியாகியிருக்கலாம். துரைப்பாக்கம் இருக்கும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் போர்வெல் தண்ணீர் கடினம், அதனால் இது சீக்கிரமே நடக்கும், வாஷிங் மெஷினுக்கும் இதே கதிதான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிக்கொண்டு போய்க் குழாய்த் தண்ணீரை அளந்துவிடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு ஆதாரமே இல்லாத நிலையில் 2,000 வரை என்றும் சொல்கிறது. 1,500-ஐத் தாண்டினால் ஆர்ஓ மெம்பிரேன் செலவு, முடி கொட்டுதே என்ற புலம்பல், வெள்ளை படிந்த குழாய் எல்லாவற்றுக்கும் தயாராகுங்கள். லாரித் தண்ணீர் வாங்குகிற வளாகமா, அந்தச் செலவு 3,500 மெயின்டனன்ஸுக்குள்ளா வெளியேயா என்று கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அதைத் தனியாகத் தலைக்குப் பிரித்துப் போடும் சங்கங்கள் உண்டு.

மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். நான்கு மூலைத் தையலிலும் கட்டிலின் இணைப்புகளிலும் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அடுத்தடுத்துப் பேச்சிலர்கள் இருந்துவிட்டுப் போன ஃபர்னிஷ்டு வீட்டில் அதிகம் ஏமாறுவது இந்த விஷயத்தில்தான். ஒருமுறை மருந்தடித்தால் போகாது, முட்டை பொரிந்து வருவதற்காக இரண்டு வாரம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் மெத்தையை மட்டும் எடுத்துவிடச் சொல்லி, சொந்த மெத்தை வாங்கிக்கொள்வதே உத்தமம். சமையலறையில் சிங்குக்கு அடியில் பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் குடித்து ஊறியிருக்கிறது. 'நீங்கள் கெடுத்தது' என்று காலி செய்யும் அன்று அந்தப் பழி உங்கள் மேல் வரும். அலமாரிக்குப் பின்னால் மண் கோடு போல ஓடினால் கரையான். மின் பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்து டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். இரண்டு ஏசி, ஒரு கீஸர், இண்டக்‌ஷன் அடுப்பு நான்கையும் ஒரே நேரத்தில் போட்டு ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சிங்கிள் ஃபேஸ் இணைப்பு என்றால், அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அணைந்துவிடும் எம்சிபி சுவிட்ச் விழ வாய்ப்பு அதிகம். பெரிய டிவியும் சோபாவும் படத்தில் அழகாக இருக்கும். உங்களுக்குத் தேவை ஆளுக்கு ஒரு மேசை, அதன் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். அது இல்லாத வீட்டில் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

மின்கட்டணம் தனிக்கதை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை மலிவான படிகள். 500-ஐத் தாண்டினால் கீழே இருந்த மலிவுப் படியும் போய், மேலே உள்ள யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் தொடங்கி பதினொன்றைத் தாண்டிப் போகும். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்குச் சராசரியாக முக்கால் முதல் ஒரு யூனிட் இழுக்கும். இரண்டு ஏசி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால், ஃபிரிட்ஜும் கீஸரும் சேர்ந்து, இரண்டு மாதத்தில் 900 யூனிட்டை எளிதாகத் தாண்டும். 450 யூனிட்டுக்குச் சுமார் 1,500 ரூபாய் வருகிற பில், 900 யூனிட்டுக்கு ஆறாயிரம் பக்கம் வரும். உபயோகம் இரண்டு மடங்கு, பில் நான்கு மடங்கு. ஃபர்னிஷ்டு வீட்டில் ஏசி ஏற்கெனவே மாட்டியிருப்பதால்தான் அதைப் போடும் பழக்கம் வருகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். முந்தைய ஆறு பில்லையும் காட்டச் சொல்லுங்கள், பாக்கி இல்லை என்பதையும் பாருங்கள். சில ஓனர்கள் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்குவார்கள். ஈபி கார்டின் பெயரும் சொத்து வரி ரசீதின் பெயரும் ஒப்பந்தம் போடுகிறவர் பெயரோடு ஒத்துப்போகிறதா என்றும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

ஓஎம்ஆரில் ஃபர்னிஷ்டு வீடுகளின் ஓனர்கள் பலர் வெளிநாட்டில் இருப்பவர்கள். வீட்டைக் காட்டுவது அவருடைய மாமாவோ புரோக்கரோவாக இருந்தால், ஓனர் சார்பில் கையெழுத்துப் போட அவருக்குப் பவர் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வருமான வரிச் சட்டப்படி ஓனர் வெளிநாட்டுவாழ் இந்தியராக இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாடகை தருபவருடையது. இது தெரியாமல் பல பேர் முழு வாடகையையும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஓனர் அப்படிப்பட்டவர் என்றால் கையெழுத்துக்கு முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள், இந்தப் பதிலை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். பழைய வரி முறையில் எச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) கழிவு கேட்பதானால் ஆளுக்கு ஆள் தன் பங்கைத் தன் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக ஓனருக்கு அனுப்புவது நல்லது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் ஓனரின் பான் எண்ணும் தேவை. புதிய வரி முறையில் அந்தக் கழிவே கிடையாது. வாடகை 25,000, சாமான் வாடகை 11,000 என்று இரண்டாகப் பிரித்து எழுதினால் எச்ஆர்ஏவுக்குக் கணக்காவது முதல் தொகைதான். ஆனால் பெயின்டிங் பிடித்தமும் ஆண்டு உயர்வும் 25,000-ஐ வைத்துக் கணக்கிடப்படும் என்றால் அந்தப் பிரிப்பு உங்களுக்குச் சாதகமாகக்கூட இருக்கலாம்.

ஓனர் சரி என்றாலும் குடியிருப்போர் சங்கம் பேச்சிலர்களுக்கு வீடு தராதே என்று விதி வைத்திருக்கலாம். புரோக்கரிடம் கேட்காதீர்கள், சங்கச் செயலாளரிடம் நேரில் கேளுங்கள். விருந்தினர் தங்கலாமா, குடி வரும்போது கட்டணம் உண்டா, இரண்டு சக்கர வண்டிகள் மூன்று நிறுத்த இடம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. வளாகத்து வாட்ச்மேனிடம் தண்ணீர் எதுவரை வந்தது, சம்ப்பில் சாக்கடை கலந்ததா, லிஃப்ட் எத்தனை நாள் ஓடவில்லை என்று கேட்டால் சரியான பதில் வரும். தரமணிக்குப் போகிறவர் பெருங்குடி ரயில் நிலையத்தை நம்பி வீடு பார்க்க வேண்டாம். அது வேளச்சேரிப் பக்கம் இருக்கிறது, ஓஎம்ஆர் பெருங்குடியிலிருந்து நடக்கிற தூரம் இல்லை. மெட்ரோ வேலை நடக்கும்வரை காலை எட்டரை மணிக்கு ஒருமுறை அந்தப் பாதையில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

உங்கள் மூவருக்கு என் அபிப்பிராயம்: வேலையில் இருக்கும் இருவரில் ஒருவராவது ஏழெட்டு மாதத்துக்குள் மாறப்போகிறார் என்றால், லாக்-இன் மூன்று மாதம், பழுதுச் செலவு ஓனருடையது என்ற இரண்டும் எழுத்தில் வந்தால், 36,000 வீட்டை எடுக்கலாம். இல்லையென்றால் அதே வளாகத்து 25,000 வீடு. எதை எடுத்தாலும் டோக்கன் அட்வான்ஸ் ஐந்தாயிரத்துக்கு மேல் வேண்டாம், அதையும் வீட்டை நேரில் பார்த்து, ஓனரோடு பேசிய பிறகு வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். 'நான் வெளியூருக்கு மாற்றலாகிப் போன அதிகாரி, கேட் பாஸுக்குப் பணம் அனுப்பினால் சாவி வரும்' என்று யாராவது சொன்னால் அது மோசடி. சாவி வாங்கும் அன்று ஒவ்வொரு சாமானையும் பிராண்டு, மாடல், சீரியல் எண், இப்போதுள்ள கீறல் வரை எழுதிய பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அதை ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். சாமான் ஒவ்வொன்றுக்கும் இன்றைய மதிப்பு ஒன்றையும் அதிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆறு வருட சோபாவுக்குப் புது சோபா விலை கேட்பார்கள். ஒவ்வோர் அறையையும் மின் மீட்டரையும் வீடியோ எடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதி பதிவாகும். அடுப்பு இருக்கும், சிலிண்டர் இருக்காது. முகவரிச் சான்று இல்லாத மாணவர் அடையாள அட்டையைக் காட்டி ஐந்து கிலோ சிலிண்டர் வாங்கலாம், பதிவான வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு பெரிய இணைப்புக்கு மனுப் போடலாம்.